நடு ஸ்பீக்கரின் வாக்குமூலம்

வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், வாடகையில் கொஞ்சம் குறையுமா என்று கேட்பார்கள். எங்கள் மாடி வீட்டைப் பார்க்க வந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னால இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" என்பது. எனக்குச் சுருக்கென்றது. "அவங்க பிள்ளைக்கு மதுரையில வேலை கெடைச்சுச்சு, போயிட்டாங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். "அவங்க நம்பர் இருக்கா?" என்றாள். கொடுத்தேன். எங்கள் முற்றத்தில் நின்று, என் கண் முன்னாலேயே அவர்களுக்குப் போன் போட்டு, "வீட்டுக்காரங்க எப்படி?" என்று கேட்டாள்! அந்தப் பக்கம் அந்தப் புண்ணியவதி என்ன சொன்னாளோ, அக்கா "ம், ம்" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

"மோட்டார் போட மறந்துருவீங்களாமே? மத்தபடி தங்கமான ஆளுங்களாம். எப்ப குடி வரட்டும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு, வீடு இல்லை என்று சொல்லியிருப்பேன். அதற்குள் என் மாமனார் உள்ளேயிருந்து வந்து, "வெள்ளிக்கிழம நல்ல நாளு, பால் காய்ச்சிரு தாயி" என்று சொல்லிவிட்டார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்தவர். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்படித்தான் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிக்கு அக்கா குடி வந்தாள். சில வருடங்கள் இருந்தாள். பிறகு மாற்றலாகிப் போனாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தால் எல்லாருடைய கண்ணும் மாடிப்படியைப் பார்க்கும்.

மகளிர் காவல் நிலையத்தில் அவள் எஸ்.ஐ. காலை முதல் மாலை வரை புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து. காக்கியைக் கழற்றி நைட்டி போட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டால் போலீஸ் என்றே சொல்ல முடியாது. குரல் ஏறவே ஏறாது. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "சரி, சொல்லு" என்பாள். நாம் கொட்டித் தீர்த்த பிறகு, "சரி, அவங்க என்ன சொல்லுதாங்க?" என்பாள். செய்தித்தாளைப் படித்தாலும் அதே பாட்டுத்தான். "ஒரு பக்கத்தக் கேட்டு எழுதுனா அது புகாரு. ரெண்டு பக்கமும் கேட்டாத்தான் விசாரணை. இவன் புகாரத்தான் அச்சடிச்சிருக்கான்" என்று மடித்து வைத்துவிடுவாள்.

இந்தக் குணம் எல்லா நேரமும் இனிக்காது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் மண்டியிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் நான்கு பேரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்கு அங்கே காய்கறிக் கமிஷன் மண்டி. வந்தவர்களுக்கு வடித்துக் கொட்டிவிட்டு, வயிறு எரிய மாடிக்குப் போய் அக்காவிடம் அழுதேன். எல்லாவற்றையும் கேட்டாள். "தம்பி வரட்டும், அவருட்டயும் ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றாள்.

"ஏன், நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"நீ பொய் சொல்லல. பாதி சொல்லுத."

அடிப் பாவி! ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைக்குச் சொல்கிற பேச்சா இது? அன்றிலிருந்து அவளுக்கு மீன் குழம்பு கொடுப்பதை நிறுத்தினேன். பிறகு பார்த்தால், அவர் காலையிலேயே எனக்குப் போன் செய்திருக்கிறார். போன் அரிசி டப்பா மேல் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. மறு வாரம் மீன் குழம்பை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அவள் தனியாக இருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது நான் வாயை அடக்க முடியாமல் கேட்டே விட்டேன். "ஏங்க்கா, அவரு என்னதான் செஞ்சாரு?"

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு இங்கன இல்லைலா. அவரு இல்லாத எடத்துல நான் மட்டும் சொன்னா, அது எப்படி நியாயமாவும்?" என்றாள். அதோடு சரி. கடைசி வரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவள் மேல் வந்த மரியாதை எஸ்.ஐ. உத்தியோகத்துக்காக வந்தது இல்லை.

ஐந்தருவியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சாரல் நேரம், நல்ல தண்ணீர். தலை நிறைய எண்ணெயோடு நானும் அக்காவும் பெண்கள் பக்கம் நிற்கிறோம். கூட்டத்தில் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். இடித்துத் தள்ளுகிறாள் என்று இவள் கத்த, நான் ஏன் உன்னைத் தள்ளப் போகிறேன் என்று அவள் கத்த, முடியைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அக்கா ஈரச் சேலையோடு இரண்டு பேருக்கும் நடுவில் போய், "ரெண்டு பேரும் எடம் மாறி நில்லுங்க" என்றாள். யார் என்ன என்று தெரியாமலேயே மாறி நின்றார்கள். மாறி நின்ற கொஞ்ச நேரத்தில், முதலில் கத்தினவளே மற்றவள் மேல் போய்த் தொம்மென்று விழுந்தாள். அந்த இடத்தில் தண்ணீர் சாய்வாக விழுகிறது. யார் நின்றாலும் பக்கத்தில்தான் தள்ளும். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். போகும்போது ஒருத்தி மற்றவளுக்குச் சீயக்காய் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது ஹோம் தியேட்டர் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொன்னதாகாது.

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. சினிமாப் பைத்தியம் உண்டு. ஹாலில் டி.விக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர், அதில் மூட்டை மூட்டையாகப் படங்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிள், ரிசீவர் என்கிற கனத்த கறுப்புப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி சத்தத்தைப் பிரித்து, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும். மூலையில் தும் தும் என்று அதிர ஒரு சப் ஊஃபர். அது அதிர்ந்தால் அடுப்படியில் என் டம்ளர்கள் ஆடும்.

அந்த வருடம் ஆயுத பூசை முடிந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. படம் ஓடும். பாட்டு காதைப் பிளக்கும், சண்டையில் சுவர் அதிரும். "பேச்சு கேக்க மாட்டேங்குதே" என்பார் மாமா, அதாவது என் மாமனார். என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டுவார். பேச்சு கூடாது, தும் தும்தான் கூடும். "இப்ப வார படமெல்லாம் அப்படித்தாம்ப்பா" என்பார். அவருக்கென்ன, எல்லாப் படத்தையும் தியேட்டரில் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் போடுவார். என் மகளோ கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துக்கொள்வாள். நான் எந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறேன்? பேச்சை நம்பிப் படம் பார்த்த ஒரே ஆள் மாமாதான். அவருக்குத்தான் கேட்கவில்லை. அதனால் அவருக்குக் காது போய்விட்டது என்று முடிவு செய்தோம். பட்டாளத்தில் பீரங்கிப் பக்கத்தில் நின்ற காது என்று காரணமும் கையில் தயாராக இருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, எங்கள் வீட்டில் அந்த ஆண்டி மாமாவின் காது.

காதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமாதான் தினமும் ஸ்கூட்டரில் போய் என் மகளை இலஞ்சிப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவார். வழியில் நிறுத்தி ஏதாவது வாங்கித் தின்பார்கள். எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காது போனவரை நம்பிப் பிள்ளையை எப்படி அனுப்புவது? பின்னால் டூரிஸ்ட் வண்டிக்காரன் ஹாரன் அடித்தால் கேட்குமா? என் வீட்டுக்காரர் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைக்கு வேன் ஏற்பாடு செய்தார். திருநெல்வேலியில் காது டாக்டருக்கும் சொல்லி வைத்தார்.

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரிடம் வர மாட்டேன் என்பதை மட்டும் சொன்னார். ஹாலுக்கு வருவதை நிறுத்தினார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்காருவார். வேன் வரும், பிள்ளை இறங்குவாள், இவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "பாத்தியா, கேக்கல" என்பார் என் வீட்டுக்காரர். கோபத்தில் இருக்கிறவர் எப்படித் திரும்புவார்? எனக்கு அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் வீட்டுக்காரர் படத்தைப் போட்டுவிட்டு, "எப்பா, நாளைக்கு டாக்டர்ட்ட போயே ஆவணும், சொல்லிட்டேன்!" என்று மாமாவின் அறை வாசலில் நின்று கத்துகிறார். இட்லி மாவு வாங்க வந்த அக்கா, கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். நான் விவரத்தைச் சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்தாள்.

"மாமாட்ட யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. நாங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தோம்.

அக்கா அறைப் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், "மாமா, செய்தி வாசிக்கது கேக்குதா ஒங்களுக்கு?" என்றாள். செய்திக்கு நாங்கள் ரிசீவரைப் போடுவதில்லை. டி.வியின் சொந்தச் சத்தம்தான்.

"கேக்குது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வாரக் கணக்கில் நான் கேட்காத குரல்.

"படத்துல பாட்டு?"

"கேக்குது."

"சண்டை?"

"அந்த எழவுதான் நல்லா கேக்குது."

"பேச்சு?"

"பேச்சு மட்டும் எங்கயோ கெணத்துக்குள்ள கேக்குது தாயி."

அக்கா என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "காது போனா எல்லாமும்லா போவணும் தம்பி? பேச்ச மட்டும் பெறக்கிப் பெறக்கியா விடும்?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மவுஸை எடுத்துக் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து காட்டினார். "அக்கா, எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்புதுன்னு போட்டிருக்கு. நீங்களே பாருங்க."

"அனுப்புனேன்னு இவன் சொல்லுதான். வாங்குனவன் என்ன சொல்லுதான்?"

ரிசீவரின் முகப்பில் ஸ்பீக்கருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன. "வந்துட்டுதுன்னு அதுவும் சொல்லுதுல்லா!" என்றார் இவர், கேஸ் ஜெயித்த மாதிரி.

"சரி. இவன் குடுத்தேங்கான், அவன் வாங்குனேங்கான். அவன் யாருட்ட குடுத்தான்? அவங்களத் தனித்தனியா கூப்பிட்டு விசாரிக்க வழி இருக்கா?"

வழி இருந்தது. ரிசீவரோடு வந்த ரிமோட்டில் அதற்கென்றே ஒரு பட்டன். அமுக்கினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக, வரிசையாக, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல் கொடுக்கும். வாங்கின அன்றைக்கு அமுக்கினதோடு சரி. படத்தை நிறுத்திவிட்டு இவர் பட்டனை அமுக்கினார். இடது பக்கம் இரைந்தது. நின்றது. வெளியே மழை பெய்தது. பிறகு வலது பக்கம் இரைந்தது, பின்னால் ஒன்று, இன்னொன்று.

"எல்லாம் சரியா இருக்குல்லா?" என்றார் இவர்.

"ஏலே, ரெண்டாவது ஆளு வரலையே!"

மாமா. அறை வாசலில் வந்து நின்றிருந்தார், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு. "ரோல் கால்ல ஒருத்தன் ஆப்சென்ட்டு. மொதல்ல ஒருத்தன் கத்துனான். அடுத்தவன் எங்க? நடுவுல உள்ளவன்?"

இவர் மறுபடியும் அமுக்கினார். இடது, பிறகு வெறும் மழை, பிறகு வலது. எங்களில் ஒருத்தருக்கும் உறைக்காத அந்த இடைவெளி செவிடு என்று நாங்கள் தீர்ப்பெழுதிய காதில் முதலில் விழுந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே மெதுவாகச் சொன்னார். "படத்துல பேச்செல்லாம் அந்த நடு ஸ்பீக்கர்லதாங்க்கா வரும்."

"அப்ப அவன்தான் முக்கியமான சாட்சி. கூட்டிட்டு வாங்க."

"உள்ள காயில் கம்பி கருகியிருக்கும். புதுசு வாங்கணும்."

"அது அவன் வாயால சொல்லட்டும்."

டி.விக்கு அடியில் கையை விட்டு, வயரைக் கழற்றி, நீளப் பெட்டியை வெளியே எடுத்துத் திருப்பி வைத்தார். பின்பக்கம் வயர் மாட்டுகிற இரண்டு பித்தளைக் குமிழ்கள். அவற்றின் மேல் அப்பியிருந்தது சந்தனம். கெட்டியாகக் காய்ந்து, நடுவில் குங்குமத்தோடு, அழகாக இரண்டு பொட்டு.

என் வீட்டுக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அது நான் வெச்ச பொட்டு" என்றார் மாமா.

ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து வரிசையாக வைப்போம். என் மாமியார் காலமான பிறகு பொட்டு வைக்கிற வேலை மாமாவுடையது. அரிவாள்மணை, ஸ்கூட்டர், கம்ப்யூட்டர், ரிசீவர், ஒன்றையும் விடமாட்டார். நடு ஸ்பீக்கரின் முகத்தில் கறுப்புத் துணி. அதில் சந்தனம் பட்டால் கறையாகும், மகன் ஆசையாக வாங்கினது என்று, பார்த்துப் பார்த்துப் பின்னால் வைத்திருக்கிறார். மறுநாள் மகன் எட்டிப் பார்க்காமல் கையைத் துழாவி, காய்ந்த சந்தனத்தின் மேலேயே வயரைச் சொருகித் திருகியிருக்கிறார்.

"ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, ரெண்டு பக்கமும் கெட்ட எண்ணம் இல்ல. இதுக்கு எந்த ஸ்டேசன்லயும் கேஸ் எடுக்க மாட்டாங்க" என்றாள் அக்கா. "ஒரு பழைய டூத் பிரஷ் கொண்டா."

தேய்த்தோம். வயரை மாட்டினோம். நிறுத்திய இடத்திலிருந்து படம் ஓடியது. நட்ட நடுவிலிருந்து கணீரென்று வந்த முதல் குரல், தெருவில் காய் விற்கிற ஒரு பெண்ணுடையது. கத்தரிக்காய் விலை சொன்னாள்.

"இந்த வெலைக்கு எந்தக் கோட்டிக்காரன் வாங்குவான்?" என்றார் மாமா. சொல்லிவிட்டு ஹாலில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் சாவி வரவில்லை. "ஸ்பீக்கர் வேற, ரோடு வேறக்கா" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது. அக்காவோ, "தம்பி சொல்லுததும் சரிதான். ஸ்பீக்கர விசாரிச்சாச்சு. காத விசாரிக்கலையே மாமா" என்றாள். நாங்கள் கெஞ்சியும் கத்தியும் அசையாத மனுஷன், அவள் சொன்ன வாரமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். திருநெல்வேலிக்கு இல்லை, தென்காசியிலேயே ஒரு டாக்டர். சோதித்துவிட்டு, இடது காது கொஞ்சம் மந்தம், வலது நன்றாக இருக்கிறது, கண்ணாடி பார்த்து நிதானமாக ஓட்டலாம் என்று சொன்னார்.

அதற்குப் பிறகும் சாவி சட்டைப்பையோடு மண்டிக்குப் போய் வந்தது. கேட்டால், "மறந்துட்டேன்" என்பார். அப்பனிடம் போய்ச் சாவியை நீட்ட மகனுக்குக் கை வரவில்லை. மகனிடம் கேட்க அப்பனுக்கு வாய் வரவில்லை. ஒரே அச்சில் வார்த்தவை இரண்டும்!

ஒரு நாள் காலை அக்காவைக் கூட்டிப்போக ஸ்டேசன் ஜீப் வந்து நின்றது. காக்கியும் தொப்பியுமாக இறங்கி வந்தவள் ஜீப்பில் ஏறவில்லை. "நீங்க முன்னால போங்க. நான் மாமாகூட வாரேன்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "தம்பி, சாவி."

அவர் கொடுத்தார். போலீஸ் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்!

மாமா ஸ்கூட்டரைத் துடைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. உட்காரப் போனவரை அக்கா நிறுத்தினாள். மாடிக்கு ஏறிப்போய் இரண்டு ஹெல்மெட்டோடு இறங்கினாள். "போடாம ஏறுனீங்கன்னா நானே ஃபைன் போடுவேன் மாமா." பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. சட்டத்தைக் கையில் வைத்திருக்கிறவள், மாமாவின் காதை நம்பித் தன் உயிரை வைத்து, குற்றாலத்து ரோட்டு நெரிசலில் போகிறாள். வெறும் ஜீப் பின்னாலேயே ஊர்ந்து போனது.

அன்று சாயங்காலம் வேன் வரவில்லை. வேண்டாம் என்று நான்தான் போன் செய்திருந்தேன். வெயில் சாய்வதற்கு முன் ஒரு நாளும் வீட்டுக்கு வராத என் வீட்டுக்காரர், பாவூர்சத்திரத்திலிருந்து சீக்கிரமே வந்து, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வழியிலேயே நின்றார். ரோட்டு முனையில் திரும்பும்போதே ஹாரன் கேட்டது. வீடு வரை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார் மாமா. பின்னால் என் மகள், வாய் ஓரத்தில் பலகார எண்ணெயோடு. என் வீட்டுக்காரர் வழியை விட்டு நகரவில்லை.

"ஏலே, ஆரன் அடிக்கேம்லா, காதுல விழலையா? வழிய விடுலே!" என்று கத்தினார் மாமா.

அன்றைக்கு ஸ்டேசனிலிருந்து சீக்கிரமே வந்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க என்ன சொல்லுதீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"விழுந்துச்சுக்கா. முக்குல இருந்தே கேட்டுக்கிட்டுத்தான் நிக்கேன்."